ஒக்லாளின் பந்தல் பாய்

நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேரோம் ஏரியின் மேல் ஆணை, எர்மோன் மலைப் பனியின் மேல் ஆணை, என் தகப்பனாரின் கல்லறை மேல் ஆணை. ஒரு சொல் பொய்யானாலும் இன்று மாலைக்குள் என் தாடி உதிர்ந்துபோகட்டும். இவ்வளவு ஆணை போதுமா என்று நீங்கள் யோசிக்கலாம். எங்கள் ஊரார் என்றால் இன்னும் இரண்டு கேட்டிருப்பார்கள்.

எங்கள் ஊருக்கு அப்பம் போடுவது ஏரிக்கரைச் சதுப்பில் வளர்கிற கோரை. படுக்கவும், கூடை முடையவும், கயிறு திரிக்கவும், ஓடம் கட்டவும், எழுதுகிறவனுக்குத் தாள் செய்யவும் அதுதான். குளிர்காலத்தில் அதன் கிழங்கைச் சுட்டுத் தின்கிறோம். எகிப்தில் ராஜா ஆண்பிள்ளைகளைக் கொன்ற காலத்தில் ஒரு தாய் தன் பிள்ளையை ஆற்றில் விட்டாளே, அது கேதுரு மரப் பெட்டியா? கோரைப் பெட்டி. அப்படியிருந்தும் மேட்டுநிலத்துக்காரர்கள் பலமில்லாத ராஜாவைக் கோரை என்பார்கள், சொல் மாறுகிறவனைக் கோரை என்பார்கள். உவமை சொல்கிற ஒருவனும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு கட்டு அறுத்தவனில்லை. இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிறது.

சதுப்பு முழுவதும் குடும்பங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. அதிலே நல்ல பங்கு ஒக்லாளுடையது. அங்கே கோரை வளர்கிற உயரத்துக்கு, உச்சியில் கூடு கட்டிய நாரை கீழே இறங்கி மீன் பிடித்துத் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் மீன் கருவாடாகிவிடும். அவள் புருஷன் அசாயா சதுப்புக் காய்ச்சலில் செத்த எட்டாம் நாள், சீபா என்பவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஊரில் பாதிப் பங்குகள் ஏற்கெனவே அவனுடையவை. ஒண்டிப் பெண்ணுக்கு எதற்குத் தண்ணீரும் அரிவாளும், பங்கை என்னிடம் விட்டுவிட்டு வீட்டோடு இரு என்றான். ஒக்லாள் அரிவாளைத் தீட்டத் தொடங்கினாள். அவன் போன பிறகும் தீட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அரிவாளில் பிடி மட்டும்தான் மிஞ்சியது.

அந்தக் கோபத்தோடுதான் அவள், பந்தல் போட்டு அதன் கீழே குடியிருக்கிற கூடாரப் பண்டிகைக்கு ஊர்ப் பொதுப் பந்தலின் பாயை நெய்தாள். எருசலேமுக்குப் போகிற வழிப்போக்கர்கள் தங்குகிற பந்தல் அது. ஒவ்வொரு கோரையையும் அவள் இழுத்து அடித்த அடியில் தறியின் கால்கள் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கின. விரலால் தட்டினால் பாய் வெண்கலம் போல ஒலிக்கும். மேலே விழுந்த அத்திப்பழம் துள்ளிக் கிளைக்கே திரும்பிப்போய் ஒட்டிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

பந்தலுக்கு மேலே போடுகிற பாய் பந்தலுக்கென்றே நெய்ததாக இருக்கவேண்டும். படுக்க நெய்த பாயோ, யாராவது படுத்துப் படுக்கையாக்கிய பாயோ மேலே ஏறினால் பந்தல் செல்லாது. இரண்டுக்கும் ஒரே கோரை, ஒரே தறி. எதற்கு நெய்தது என்று நெய்தவர் சொல்வார், ஊர் கேட்டுக்கொள்ளும். என் காலத்தில் எந்த ஆண் நெய்த பாயைப் பற்றியும் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. ஆனால் ஆகாத பாயை ஊருக்குக் கொடுத்தவர் தன் கோரைப் பங்கை இழப்பார் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. சீபாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு அவன் தன் மருமகன் அக்கூப்பையும் கூட்டிக்கொண்டு, ஏழு மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்கிற ஊர்வாசலுக்குப் போய், ஒக்லாள் அந்தப் பாயில் படுத்துத் தூங்கியதை இருவரும் பார்த்ததாகச் சொன்னான். மொட்டைமாடியில், உச்சிவெயிலில், குறட்டையோடு. இரண்டு சாட்சிகள் இருந்துவிட்டால் எங்கள் மூப்பர்களுக்கு அதற்குமேல் யோசிக்கப் பிடிக்காது. ஒக்லாளையும் பாயையும் வரச்சொன்னார்கள். பாயைத் தூக்கிவர எட்டுக் கழுதைகள் தேவைப்பட்டன.

அவள் ஒரே வரியில் சொல்லி முடித்தாள். பந்தலுக்கு நெய்தேன், அதில் ஒருவரும் படுக்கவில்லை.

மூத்தவரான எல்நாத்தான் தாடியைத் தடவினார்.

"அம்மாடி, கோவிச்சுக்காதே. பொம்பளை சொல்லு கோரை மாதிரி. காத்தடிச்ச பக்கம் சாயும்."

"நீங்க கோரை அறுத்திருக்கீங்களா பெரியவரே?"

"நான் எதுக்கு அறுக்கணும்?"

அவள் வலது காலைத் தூக்கி அவர் உட்கார்ந்திருந்த கல்லின் மேல் வைத்தாள். பாதத்தில் கீழிருந்து மேல்வரை ஒரு தழும்பு. "தண்ணிக்குள்ள நிக்கிற அறுத்த கோரையோட அடிக்கட்டை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்துச்சு. ஒருநாள் இறங்கிப் பாத்துட்டு வந்து, அப்புறம் சாயுற கதை சொல்லுங்க."

எல்நாத்தான் கல்லில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

இந்தப் பாயில் மனிதர் தூங்கவே முடியாது, வேண்டுமானால் தட்டிப் பாருங்கள் என்றாள் அவள். மூப்பர் ஒருவர் தட்டினார். ஏரியில் இருந்த வாத்துகள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன. அப்போதுதான் எல்நாத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவது அபூர்வம். வந்தால் எல்லோரும் பயப்படுவோம். குற்றம் சொல்கிறவனே இதில் படுத்துப் பார்க்கட்டும் என்றார். தூக்கம் வந்தால் அவன் சொன்னது மெய், வராவிட்டால் பொய்.

சீபாவின் முகம் எண்ணெய் தடவிய அப்பம் போல மின்னியது. அவன் போட்ட கணக்கு எனக்கு உடனே புரிந்தது. அவன் தூங்கிவிட்டால், இதற்கு முன் யாரும் படுத்திருக்காவிட்டால்கூட, இனி இது படுக்கைதான். ஒக்லாளுக்கும் அது புரியாமலில்லை. கைகட்டி நின்று, "படுங்கண்ணே, நல்லாப் படுங்க" என்றாள்.

சீபா செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து விழுந்தான். பாய் அவனை ஒரு முழம் மேலே எறிந்தது. மறுபடி விழுந்தான், மறுபடி எறிந்தது. மூன்றாம் முறை ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். பிறகு குறட்டை விட்டான். சதுப்பிலிருந்து தவளைகள் பதில் சொல்லும் அளவுக்கு விட்டான். போதும் என்று தோன்றியதும் எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தான்.

"ஆட்டுரோம மெத்தை தோத்துச்சு. இது படுக்கைதான்யா, சந்தேகமே இல்ல."

மூப்பர்கள் தலையாட்டினார்கள். எல்நாத்தான் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஒக்லாள் மெதுவாகக் கேட்டாள்.

"படுக்கைதானாண்ணே?"

"படுக்கையேதான்."

"யார் படுக்கை?"

"வேற யாரு படுக்கை? உன் படுக்கைதான். நீ படுத்த படுக்கைதான்."

"சரி" என்றாள் ஒக்லாள். கூட்டத்தின் பின்பக்கம் திரும்பினாள். கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் சீபாவின் மனைவி மாக்காளும் ஒருத்தி. "மாக்காளக்கா, கேட்டுக்கிட்டீங்களா? உங்க வீட்டுக்காரரு பட்டப்பகல்ல, ஊரே பாக்க, ஒரு விதவையோட படுக்கையில ஏறிப் படுத்தாராம். சுகமா இருந்துச்சாம்."

மூப்பர்கள் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்தார்கள். சாட்சிகள் முன்னால் இப்படிச் செய்தவன் அவளை மனைவியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிவருமே என்று ஒருவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. ஒக்லாள் காதிலும்.

"அந்தப் பேச்சோட யாராச்சும் என் வாசலுக்கு வந்தா, புது அரிவாள் இருக்கு" என்றாள்.

மாக்காள் தலைக்குக் கையை உயர்த்தினாள். குடத்தை எடுத்து எறிந்தாள். சீபா குனிந்தான், குடம் பாயில் விழுந்தது. பாய் அதை அப்படியே திருப்பியனுப்ப, குடம் மாக்காளின் தலைச் சும்மாட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு துளி சிந்தவில்லை. அவள் மறுபடியும் எடுத்தாள். இந்த முறை குறி பார்த்தாள்.

"பந்தல்" என்றான் சீபா.

"காது கேக்கலண்ணே" என்றாள் ஒக்லாள்.

"இது பந்தல் பாய். யாரோட படுக்கையும் இல்ல. மாக்கா, குடத்தை இறக்கு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

எல்நாத்தான் முன்னால் குனிந்தார். "அப்ப நீ தூங்குனது?"

"தூங்கல ஐயா. கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"குறட்டை?"

"யோசிக்கும்போது அப்படி வரும்."

"அப்படின்னா மாடியில அந்தப் பொண்ணும் யோசிச்சிருப்பா" என்றார் எல்நாத்தான். அக்கூப்பைத் தேடினார்கள். அவன் எப்போதோ எட்டுக் கழுதைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தனக்கு மாலைக்கண் என்று கழுதைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பாய் பந்தலுக்கு ஆகும், பங்கு ஒக்லாளுடையதே என்று தீர்ப்பானது. சனங்கள் சிரித்தார்கள். எல்நாத்தானும் பெரிய மனதோடு சிரித்து, இப்போது சந்தோஷமா அம்மாடி என்று கேட்டார்.

ஒக்லாள் சிரிக்கவில்லை.

"நான் பந்தலுக்குன்னு சொன்னேன். அது உங்க காதுல ஏறல. அவரு பொண்டாட்டி குடத்தைத் தூக்குனாங்க, அவரு பந்தல்னாரு, உடனே ஏழு பேருக்கும் வெளங்கிடுச்சு. அதே வார்த்தைதானே பெரியவரே. என் வாயில இருந்தப்ப அதுக்கு என்ன கொறைச்சல்?"

ஏழு மூப்பர்களும் ஏரியைப் பார்த்தார்கள். வாத்துகள் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை.

அவள் பாயை அங்கேயே விட்டாள். நெய்வதுதான் என் வேலை, தூக்கிக் கட்டுவது உங்கள் வேலை என்று சொல்லிவிட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சதுப்பில் இறங்கினாள். அன்று பொழுது சாய்வதற்குள் அவள் அறுத்த கட்டுகள் கரையில் குவிந்த குவியலால், எங்கள் ஊருக்கு நான்கு நாட்கள் எர்மோன் மலை தெரியவில்லை. பாயைப் பந்தலில் ஏற்ற மூப்பர்கள் ஏழு பேரும் வியர்வை ஒழுக நின்றார்கள். பண்டிகையின் முதல் நாள்வரை அது அவர்களை ஒவ்வொருவராகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

புறாப் பந்தயம் விடுகிறவனின் ஆணையும் சாட்சியும் எங்கள் சட்டப்படி எந்தச் சபையிலும் செல்லாது. நான் முப்பத்தொரு ஆண்டுகளாகப் புறாப் பந்தயம் விடுகிறவன்.