நாற்பத்தொன்பது 'ஆ'

செவ்வாய்க்கிழமை அந்த அறையில் இருந்தவர்கள்: பேச்சுப் பயிற்சியாளரும் ஆராய்ச்சி மாணவியுமான என் அக்கா. நான், இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து அவளுக்கு மைக் பிடிப்பவன். ஏழு வயது வாயாடி ஒருத்தி. அவளுடைய அப்பா, பஸ் டிரைவர். வந்து உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார்.

நோயில்லாத குழந்தையின் குரலை அளந்து வைத்திருந்தால்தான் நோயுள்ள குரலை எதனோடாவது ஒப்பிட முடியும். அதற்காகத்தான் சளி, இருமல் இல்லாத ஐம்பது குழந்தைகள். ஒவ்வொருவரும் மைக் முன்னால் ஐந்து விநாடி 'ஆ' சொல்ல வேண்டும். குரல் எவ்வளவு உயரம் என்று கம்ப்யூட்டர் ஓர் எண் காட்டும், நான் எழுதிக்கொள்வேன். நாற்பத்தொன்பது பேர் சொல்லி முடித்திருந்தார்கள்; வாயாடி ஐம்பதாவது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்காவிட்டால் அக்காவுக்கு இன்னொரு வருடம் வீண்.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. ஆ..." என்றாள் அக்கா.

எதையும் செய்து காட்டாமல் அவளால் சொல்ல முடியாது. எனக்குத் தும்மக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்பாள் அம்மா.

வாயாடி யோசித்தாள். "ஆன்ட்டி, இது உங்க குரல்ல சொல்லணுமா, என் குரல்லயா?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லும்மா."

சொன்னாள். திரையில் 214.

"இப்ப என்னோடது," என்று அவளாகவே இன்னொரு 'ஆ' போட்டாள். 287. அப்பா திடுக்கிட்டு விழித்து, காலால் பிரேக்கைத் தேடினார்.

நான் பட்டியலைப் புரட்டினேன். 212, 216, 214, 213. ஐந்து வயதுப் பையனும் ஒன்பது வயதுப் பெண்ணும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நின்றார்கள். போன வாரம்தான் அக்கா, "எவ்வளவு சீரா வந்திருக்கு பாத்தியா?" என்று பூரித்தாள். நானும் தலையாட்டினேன். எழுதியவன் நான், ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

"அக்கா, நீ ஒரு தடவ மைக்ல சொல்லு."

"எதுக்குடா?"

"சொல்லேன்."

சொன்னாள். 214.

"உன்கிட்ட இருக்கிறது நாப்பத்தொம்பது குழந்தைங்க குரல் இல்லக்கா. உன் குரலோட நாப்பத்தொம்பது ஜெராக்ஸ்."

"வாய மூடு." திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "யாருக்குடா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் வாயாடி.

அத்தோடு அந்த யோசனை செத்தது. அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

அக்கா போனை எடுத்தாள். அந்த நாற்பத்தொன்பது பேரையும் அனுப்பியிருந்த பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையிடம் அரை மணி நேரம் கெஞ்சினாள். புதன், வியாழன் இரண்டு நாளில் நாற்பத்தொன்பது பேரையும் திரும்ப அனுப்ப அந்த அம்மா ஒப்புக்கொண்டார். கூடவே, "இதையே முதல் தடவ ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதாம்மா?" என்றும் கேட்டார்.

புதன் காலை முதல் பையன் மைக் முன்னால் உட்கார்ந்தான்.

"உனக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லு ராஜா," என்றேன்.

அவன் என்னை மதிக்கவே இல்லை, அக்காவைப் பார்த்தான். அவள் பேசவில்லைதான். ஆனால் வாய் தானாகத் திறந்திருந்தது; அதிலிருந்து மெல்லியதாக ஒரு 'ஆ' கசிந்துகொண்டிருந்தது. 215.

"அக்கா!"

"நான் ஒண்ணும் பண்ணலடா!"

அக்காவை மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். பையன் வாயைத் திறந்தான். அங்கிருந்தே, "மூச்ச நல்லா இழுத்து..." என்று இழுத்துக் காட்டினாள்.

"நீ வெளிய போ."

"இது என் ஆராய்ச்சிடா!"

"அதனாலதான் சொல்றேன்."

"டீச்சருக்குத் தண்டனையா அண்ணா?" என்று பையன் ஆவலாகக் கேட்டான்.

"ஆமா. ரெண்டு நாளைக்கு."

கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினேன். "ஏதாவது சந்தேகம்னா கூப்புடுடா," என்றாள். சத்தம் புகாத அந்தக் கனத்த கதவைச் சாத்தினேன். கைப்பிடி அசைந்தது. பூட்டினேன்.