வெடிப்பு எழுதிய அம்மாளும் ஐம்பது மேற்கோளும்

சேறு காய்ந்தால் எப்படி வெடிக்கிறது என்று மண்ணியல் பேராசிரியை எழுதிய பதினோரு பக்கக் கட்டுரை நுழையாத துறை இந்தப் பூமியில் கிடையாது. பல் வைத்தியமா, பெயின்டா, ரொட்டியா, ஊருக்குத் தெரு போடுவதா, எதை எடுத்தாலும் அங்கே ஒருவராவது அதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார். இதைச் சொன்னது பேராசிரியையேதான். அதுவும் திங்கட்கிழமை காலை, நூலகர் நாற்காலியில் முழுசாக உட்காருவதற்கு முன்பாகவே.

நூலகர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மழை பெய்கிறது என்றால் ஜன்னல் வழியே கையை நீட்டி, விழுந்த சொட்டு மாடித் தொட்டி வழிந்ததா என்றும் விசாரித்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

"கம்ப்யூட்டர் ஒன்பதுன்னு சொல்லுதுக்கா. உங்க கட்டுரைக்கு மொத்தமே ஒன்பது மேற்கோள். அதுல ஏழு நீங்களே காட்டினது."

"நம்மளப் பத்தி நாமளே சொல்லலைன்னா வேற யாரு தம்பி சொல்லுவா?"

"கல்லூரி ஆராய்ச்சிக் குழு ஐம்பது கேட்குது. அதுவும் வெளித்துறைக்காரங்க காட்டினதா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள இல்லைன்னா உங்க ஆராய்ச்சி அறையக் காலி பண்ணி உடைஞ்ச நாற்காலியப் போடப்போறாங்க."

அந்த அறையில் கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டு இருக்கிறது. தட்டு நிறையச் சேறு. பத்தொன்பது வருஷமாக அதைக் காயவிட்டு, நனைத்து, மறுபடி காயவிட்டு, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தினமும் வரைந்துகொண்டிருக்கிறார். ஒரு விரற்கடை நகர்த்தினாலும் வெடிப்பு தடம் மாறிவிடும். பத்தொன்பது வருஷம் குப்பைக்குப் போகும்.

கம்ப்யூட்டரையும் குறை சொல்ல முடியாது. கட்டுரை வந்தது துறையே நடத்திய ஓர் இதழில். நாலாவது இதழோடு அது மூச்சை விட்டுவிட்டது. அப்படி ஒன்று பிறந்ததே கம்ப்யூட்டருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

"நீ கையால தேடு," என்று பேராசிரியை ஒரு துணிப்பையை மேஜையில் கவிழ்த்தார். கடிதங்கள், கழுத்தளவுக்கு. கட்டுரையின் பிரதி கேட்டு எழுதியவர்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் பிரதியோடு ஒரு தீப்பெட்டியும் அனுப்பியிருக்கிறார். தீப்பெட்டிக்குள் வெடித்த சேறு ஒரு துண்டு.

"கேட்டதுக்குத்தான் இது சாட்சி. படிச்சதுக்கு இல்ல."

"அதான் தேடச் சொல்றேன்."

பொய்யை நிரூபித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம் என்றுதான் நூலகர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். கடிதம் போட்டவரின் பெயரைப் பார்த்து, அவர் எழுதுகிற இதழின் பழைய தொகுப்பை இழுத்து, கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பல் வைத்தியர் முதல் ஆளாக மாட்டினார். பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவு ஏன் வெடிக்கிறது என்ற கட்டுரை. மேற்கோள் பட்டியலில் பதினான்காவதாகப் பேராசிரியை. ஏதோ தற்செயல் என்று அடுத்ததை எடுத்தார். பெயின்ட்காரர். அதற்கடுத்து, பழைய ஊர்களில் தெருக்கள் வெடிப்பு மாதிரிதான் கிளை விட்டிருக்கின்றன என்று எழுதிய நகரத் திட்டக்காரர். கட்டுரை முடிவில் அந்த மனிதர் தீப்பெட்டிக்குத் தனியாக நன்றி சொல்லியிருந்தார்.

நூலகர் சாப்பிடப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. இங்கே இல்லாத இதழ்களுக்கு மற்ற நூலகங்களுக்குப் போன் போட்டுக் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அவர் வீட்டம்மா, கணவர் எந்த அலமாரிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறாரோ என்று ஆளனுப்பிப் பார்த்ததாகக் கேள்வி.

புதன்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேலே வந்தார். நூலகத்தில் அவர் மேஜைக்கு எதிரில் பேராசிரியை காத்திருந்தார்.

"அக்கா, ரொட்டி ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர். உங்க கணக்கு ரொட்டி மேலோட்டுக்குச் செல்லாது, நீங்க தப்புன்னு எழுதியிருக்கார். இதச் சேர்க்கறதா வேண்டாமா?"

"எத்தன பக்கம் எழுதியிருக்கார்?"

"பதினாலு."

"நான் எழுதினதே பதினொண்ணு. அவர முதல்ல போடு."

நூலகர் சிரித்துவிட்டார். அந்த அலமாரிகள் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். பேராசிரியை சிரிக்கவில்லை. ரொட்டிக்காரர் சொன்ன பிழையை இரண்டு தடவை படித்தார்.

"சரியாத்தான் சொல்றார். ஓரம் முதல்ல காஞ்சா கணக்கு மாறும். நம்ம தட்டுல ஓரத்தை நான் பார்க்கவே இல்லை. இன்னும் ஒரு ரெண்டு வருஷமாவது வேணும் தம்பி, அந்த அறை."

அன்றைக்குத்தான் அவர் குரலில் பயத்தை நூலகர் கேட்டார். மறுபடி கீழே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை குழுவுக்கு முன்னால் பட்டியல் போனது. இரண்டு தடவை வந்ததை அடித்து, பேராசிரியையே காட்டிக்கொண்டதை அடித்து, சந்தேகமானதை எல்லாம் அடித்து, மிச்சம் நூற்று முப்பத்தெட்டு. பதினேழு துறைகள்.

குழுத் தலைவர் பட்டியலைப் புரட்டினார். நூலகரைப் பார்த்தார். இவர் தன் சொந்த மச்சினர் கொடுத்த மேற்கோள் பட்டியலிலேயே பாதியை அடித்துப்போட்டவர் என்பது கல்லூரிக்கே தெரியும்.

"சேத்தப் பத்தி எழுதினத பல் டாக்டர் படிச்சாரா? இதெல்லாம் நடக்கிற காரியமாய்யா?"

"நானும் அப்படித்தான் சார் சொன்னேன்," என்றார் நூலகர். "ஒவ்வொண்ணையும் கண்ணால பார்த்தாச்சு. நடந்திருக்கு."