முன்பக்கப் படி

"அந்தக் காலேஜும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!" மகளின் சேர்க்கைப் படிவத்தைத் தரையில் விசிறினார் பெயிண்டர். "அந்தப் படியில என் பொண்ணு ஏறக் கூடாது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த வெல்டரம்மா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்தப் படி, ஏழு மாதம் அவள் கைப்பட வெல்டிங் செய்த படி. காலேஜின் புதுக் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் போகும் இரும்புப் படிக்கட்டு. பகலில் விளக்கே எரியக் கூடாது, மின்சாரம் வீணாகக் கூடாது என்று திட்டம். கூரையில் விழுகிற வெளிச்சமும் காற்றும் தரைவரை இறங்குவதற்காக, படிகளைச் சல்லடை மாதிரிக் கம்பி வலையில் போட்டிருந்தார்கள். மகள் படிக்கப் போவது அங்கேதான். சேர நாளைக்குத்தான் கடைசி நாள்.

"இப்போ என்ன வந்துச்சு?"

"கீழ நின்னு பார்த்தா மேல போறவங்க துணிக்குள்ள தெரியுதாம். நேத்து காலேஜ் செயலாளரே கமிட்டியோட வந்து சோதிச்சுப் பார்த்தாராம். பொண்ணுங்கல்லாம் பின்பக்கப் படியிலதான் போகணுமாம். ஊரே பேசுது!"

வெல்டரம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். நேற்று செயலாளரும் கமிட்டிக்காரர்களுமாக நாலு பெரிய மனிதர்கள் படிக்கடியில் நின்றுகொண்டு, "எங்கே, ஏறிக் காட்டும்மா" என்றார்கள். ஏறினாள். "இன்னொரு தடவை" என்றார்கள். மூன்று தடவை ஏறி இறங்கினாள். தன் வேலையைத்தான் சோதிக்கிறார்கள் என்று பூரித்துப்போய், பைத்தியக்காரி, நடுப்படியில் குதித்துவேறு காட்டினாள். "ஆடுதா பாருங்க சார்" என்று தான் கேட்டது நினைவுக்கு வந்ததும் உடம்பெல்லாம் கூசியது. சீ, என்ன ஜென்மங்கள்!

அவள் மறைக்காமல் சொன்னாள். பெயிண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ நீயும் இனிமே வேலைக்குப் போகாத!"

"நல்லா இருக்குய்யா உன் நியாயம்! பார்த்தவன் காலேஜ் நடத்துவான், நானும் என் பொண்ணும் வீட்டுல முடங்கணுமா?"

"பின்படியிலயே போய்க்கிறேம்மா" என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"குப்பைத்தொட்டி சந்துல இருக்கே, அதுலயா? நீ முன்னாலதான் போவ."

மறுநாள் காலை இன்ஜினீயர் அவளிடம் ஓர் இரும்புப் பலகையை நீட்டினார். 'பெண்கள் பின்படியில் செல்லவும்.' அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேலிடத்து உத்தரவும்மா. முன்னாடி வெல்ட் பண்ணிடுங்க."

"படிக்கடியில நாலு கம்பி வச்சு அடைச்சா ஒருத்தனும் நிக்க முடியாதே சார்? மிச்சக் கம்பியே கிடக்கு."

"சொன்னேம்மா. ஆம்பளைங்க எங்க வேணா நிப்பாங்க, அதைப் போய்த் தடுக்க முடியுமான்னு செயலாளர் கேக்குறார்."

அவள் மிச்சக் கம்பிகளைப் பொறுக்கி எடுத்தாள். மதியத்துக்குள் படிக்கடியைக் கம்பியால் சுற்றி அடைத்தாள். பலகையைத் திருப்பி, சாக்குக்கட்டியால் 'கீழே நிற்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அந்த வேலியிலேயே வெல்டிங் செய்தாள்.

செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"யாரைக் கேட்டு சார் என்னை ஏத்தி இறக்கி வேடிக்கை பார்த்தீங்க?"

வேலையாட்கள் அத்தனை பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"உனக்கு இன்னையோட வேலை கிடையாது!"

"படி முடிஞ்சு போச்சு. உங்ககிட்ட எனக்கு என்ன வேலை?" கையுறையைக் கழற்றினாள். வாசலில் படிவத்தோடு மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரும்மா."

"இங்க கொண்டா."

கரி படிந்த விரலால் பேனாவைப் பிடித்து, பெற்றோர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். சேர்க்கை நடப்பது புதுக் கட்டடத்தின் முதல் மாடியில். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்படியில் ஏறினாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக. பின்னாலேயே சித்தாள் பெண்கள் ஐந்தாறு பேர் ஏறினார்கள்.

செயலாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.