சேற்றில் கால் வைக்காமல்

கயாக்குகள் கட்டியிருந்த துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு இருபது. பத்து நிமிடம் முன்னதாக வந்ததே எனக்கு ஒரு தைரியம்.

அன்று எனக்கு இரண்டாவது பரீட்சை. கடைசியும் அதுதான். மட்டாஞ்சேரியில் அத்தாவின் அரிசி மண்டியில் பகல் முழுக்க பில் எழுதிவிட்டு, மூன்று மாதமாக மாலை வகுப்புக்குப் போய் வழிகாட்டிப் பயிற்சி படித்தேன். தெற்கே முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் இந்தக் கண்டல் மரச் சதுப்புக் காட்டைப் பாதுகாக்கிற சங்கம் நடத்தும் வகுப்பு. முடிவில் ஒவ்வொருவரும் இரண்டு விருந்தினரைக் கால்வாய் வழியே உள்ளே கூட்டிப்போய், பறவை பார்க்கும் மேடையைத் தொட்டுவிட்டு, பத்து மணிக்குள் திரும்ப வேண்டும். வேரிலோ சேற்றிலோ யாராவது கால் வைத்தால் அந்த நிமிடமே தோல்வி. போன மாதம் தவறான கிளைக்குள் திரும்பி நேரத்தைத் தொலைத்தேன். இன்றும் தவறினால் வழிகாட்டிகள் பட்டியலில் என் பெயர் வராது. மறுபடி சேர அடுத்த வருடம்தான்.

விருந்தினராக என் அக்கா சுல்ஃபத் ராத்தாவையும் அவள் மாப்பிள்ளை ஷாஃபி மச்சானையும் அழைத்திருந்தேன். வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை.

"ஆட்டோக்காரனுக்கே வழி சொல்லத் தெரியாதவடி நீ, நௌரின். உன்னை நம்பித் தண்ணியில இறங்கறோம்," என்றாள் ராத்தா, மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டே.

"இறங்கக் கூடாது ராத்தா. உக்காந்தே இருக்கணும்."

"நான் உக்காந்தா படகும் உக்காந்துடுமே," என்று மச்சான் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

சங்கத்தின் அபிராம் நேரத்தைக் குறித்துக்கொண்டான். ஏழரை. நான் ஒற்றைக் கயாக்கில் முன்னால், அவர்கள் இருவரும் இரட்டைக் கயாக்கில் பின்னால்.

தண்ணீரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. எங்கள் மண்டியின் பின்கதவு காயலைப் பார்த்தபடி இருக்கும். அங்குள்ள கல்படியில் நின்று, நாலு நாள் சாயங்காலம் தண்ணீர் இறங்கி முடியும் நேரத்தை நோட்டில் எழுதினேன். ஓர் இறக்கத்துக்கும் அடுத்ததுக்கும் பன்னிரண்டரை மணி நேரம்; அதன்படி அன்று, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு இறக்கம் முடிந்துவிடும். ஏழரைக்குக் கிளம்பினால் ஏறுகிற தண்ணீரே எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

இரண்டாவது வளைவில் இரட்டைக் கயாக் நின்றது. மச்சான் துடுப்பால் ஓங்கித் தள்ளினார். கறுப்புச் சேறு கிளம்பியதே தவிர, படகு அசையவில்லை.

பழுத்த இலை ஒன்று என்னைத் தாண்டி, நாங்கள் வந்த பக்கமாகவே மிதந்து போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இன்னும் வெளியேறிக்கொண்டிருந்தது.

மண்டிப் படி, காயல் கடலில் சேரும் அழிமுகத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே இறக்கம் முடிந்தாலும், இந்தக் குறுகிய கால்வாயில் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வகுப்பில் சொன்னார்கள், நானும் எழுதிக்கொண்டேன். ஆனாலும் பிறந்ததிலிருந்து பார்க்கிற படியைத்தான் நம்பியிருக்கிறேன்.

"நான் இறங்கி ஒரு தள்ளு தள்ளினா போச்சு," என்று மச்சான் காலைத் தூக்கினார். "யார் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன் மச்சான். காலை உள்ளே வைங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அபிராமுக்கு ஃபோன் செய்தால் வந்து இழுத்துவிடுவான். அத்துடன் பரீட்சையும் முடிந்துவிடும். செய்யலாமா என்று இரண்டு தடவை யோசித்து, ஃபோனை உறைக்குள்ளேயே வைத்தேன்.

"தப்பு என்னோடது. தண்ணி இன்னும் இறங்குது. ஏறுற வரைக்கும் இங்கேயே இருக்கணும், ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா? ஒரு சாயா கூடக் கிடையாதேடி!"

சாயாவுக்குப் பதிலாக நான் சேற்றைக் காட்டினேன். விரல்கள் போல நிமிர்ந்து நின்ற மூச்சு வேர்களுக்கு நடுவே சின்ன மீன்கள் தாவித் தாவிப் போயின. வளைக்கு வெளியே நின்று ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு நண்டு.

"ஆம்பளை நண்டு. இணையைக் கூப்பிடுது," என்றேன்.

"இருக்கிறதைப் பெரிசாக் காட்டுதா?" ராத்தா மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம வீட்டு ஆளுதான்."

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆழம் பார்த்தேன். மண்டியில் மூட்டையின் வாயில் தெரிகிற அரிசியை நம்பி வாங்குவதில்லை. குத்தூசியை நாலு இடத்தில் செருகிப் பார்ப்போம். துடுப்பை அப்படித்தான் செருகிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு சாண் கூட இல்லை. வளைவின் வெளிக்கரையை ஒட்டி இடுப்பளவு. வழி அங்கேதான் இருந்தது.

எட்டே முக்காலுக்கு இலைகள் நின்றன. பிறகு மெல்லக் காட்டின் உள்பக்கம் திரும்பின. என் கயாக்கின் கயிற்றை அவர்கள் படகின் முனையில் கட்டி, வெளிக்கரை ஓரத்து ஆழத்தில் துடுப்புப் போட்டு இழுத்தேன். "ரெண்டு பேரும் இடமும் வலமுமா ஆடுங்க!" மூன்றாவது ஆட்டத்தில் படகு சேற்றை விட்டுக் கிளம்பியது. மணி எட்டு ஐம்பத்தைந்து.

"போதும் நௌரின், திரும்பிடலாம்," என்றாள் ராத்தா. இப்போது கேலி செய்யவில்லை. "நேரம் பத்தாது."

மேடைக்குக் கால் மணி நேரம். திரும்பும்போது தண்ணீர் எதிர்ப்பக்கம், நாற்பது நிமிடமாவது ஆகும். மிஞ்சுவது பத்து நிமிடம். என் கணிப்பு ஒருமுறை தப்பியாயிற்று. இதுவும் தப்பலாம்.

"மேடையைத் தொட்டுட்டுத்தான் திரும்பறோம். வெளிக்கரையை ஒட்டியே வாங்க."

மேடையில் ஒரு போட்டோ மட்டும் எடுத்தோம். ராத்தா இன்னொன்று கேட்டாள், நான் விடவில்லை. திரும்பும் வழி முழுக்க எதிர்த் தண்ணீரில் துடுப்புப் போட்டோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மச்சான் மூச்சு வாங்கினாலும் துடுப்பை நிறுத்தவில்லை.

துறையைத் தொட்டபோது ஒன்பது ஐம்பத்தேழு. அபிராம் படகின் பக்கங்களில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தான்.

"யாரு இறங்கினது?"

மச்சான் சிரமப்பட்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைச் சாக்ஸ். "பாருப்பா. கல்யாணத்தன்னிக்குக் கூட இவ்வளவு வெள்ளை இல்ல."

அபிராம் நீட்டிய படிவத்தில் நடந்ததை முழுக்க எழுதினேன், மண்டிப் படியை நம்பி ஏமாந்ததையும் சேர்த்து. மச்சான் என் முழங்கையை இடித்தார். நான் ஒரு வரியையும் நீக்கவில்லை.

அபிராம் வாசித்து முடித்தான். "இதெல்லாம் எழுதணும்னு நியமம் ஒண்ணும் இல்ல."

"அடுத்து வரவங்களும் அதே இடத்துல மாட்டுவாங்க."

அவன் பட்டியலில் என் பெயரை எழுதினான். "அடுத்த ஞாயிறு ஆறு பேர் வராங்க. எடுக்கறியா? இல்ல ஒரு மாசம் பழகிட்டு வரியா?"

பழகிவிட்டு வருகிறேன் என்றுதான் நினைத்தேன். "எடுக்கறேன்," என்று சொன்னேன்.

"யா அல்லா! அந்த ஆறு பேருக்கும் நீந்தத் தெரியுமான்னு கேளுங்க தம்பி," என்றாள் ராத்தா.

"தெரிய வேணாம் ராத்தா. ஒருத்தரையும் இறங்க விட மாட்டேன்."