ஆறு எபிசோடு போதும்

என் சலூன் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குப் பார்க்கும்படியான ஒரு வெப் சீரிஸாவது சொல்லி அனுப்புவது என் வழக்கம். முடிவை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குப் போன வாரம் சொன்னது எட்டு எபிசோடு கதை. கணவன் மனைவியை மாடிப்படியில் தள்ளிவிட்டு, தவறி விழுந்தாள் என்று எல்லாரையும் நம்பவைக்கிறான்.

இன்று அவர் சவரத்துக்கு வந்ததும், "பாத்தீங்களாண்ணே?" என்றேன்.

"ஆறு எபிசோடு பாத்தேன். அது போதும்."

பாதியில் விடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தியை ஓட்டிக்கொண்டே முடிவைக் கொட்டிவிட்டேன்.

"அப்புறம் என்னத்தப் பாத்தீங்க? கடைசியில அந்தப் பொம்பள ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு, புருஷன்தான் தள்ளுனான்னு சொல்லிடுவா."

கண்ணாடியில் அவர் முகம் அசையவில்லை. எனக்கே சங்கடமாகிப் பேச்சை மாற்றினேன்.

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

"முந்தாநாள் மாடிப்படியில விழுந்துட்டா. இன்னும் நெனவு திரும்பல."

ஒரு கன்னம்தான் வழித்திருந்தேன். மறு கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு பக்கம் இருக்குண்ணே."

"அப்புறம் பாத்துக்கலாம். ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."