நூல் பிடித்த வரிசை

எதிரி நாளெல்லாம் சுட்டும் கீறல் விழாத போர்க்கப்பலை நான் உட்கார்ந்த இடத்திலேயே நொறுக்கினேன். நாற்காலியில் கப்பல் இருப்பதைப் பார்க்காதது என் பிழை. நாற்காலியில் கப்பலை வைத்தது யார் பிழை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

மரத்தில் செய்த மாதிரிக் கப்பல்தான். ஓவியர் அப்போது கடற்படைத் தலைமையகத்தின் கூடத்துக்காகப் போரை வரைந்துகொண்டிருந்தார். ஒரு சுவரையே அடைக்கும் படம். நான் அவரிடம் தூரிகை கழுவுபவன், ஏணி பிடிப்பவன், திட்டு வாங்குபவன். போருக்குப் போன நான்கு கப்பல்களையும் செய்யச் சொல்லி, மேஜையில் வரிசையாக நிறுத்தி, பார்த்துப் பார்த்து வரைவார். கொடிக்கம்பம் ஒட்டுவதற்காக இரண்டாவதை மட்டும் நாற்காலிக்கு இறக்கியிருந்தார். அந்தக் கம்பம் எங்கே போனது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓவியர் கத்தவில்லை. "கப்பலைக் கவுத்தவன் நீ. நீயே முழுகு" என்றார்.

அன்றிலிருந்து மூழ்கும் மாலுமி வேலையும் என் தலையில் விழுந்தது. ஜன்னலோரம் ஒரு தகரத் தொட்டி, கழுத்தளவு குளிர்ந்த தண்ணீர், அதற்குள் நான். படத்தில் செத்துக்கொண்டிருக்கும் எல்லோரும் நான்தான். மீசையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். பட்டறையில் என் பெயர் 'பொணம்' என்றே ஆகிவிட்டது.

"முழுகுறவன் மூஞ்சியாடா இது? பல்வலிக்காரன் மூஞ்சி."

"பல்லும் வலிக்குது சார்."

"அதை மறந்துட்டுச் சாவு."

உதடு நீலம் பாரித்ததும் எழுந்திருக்கச் சொல்வார் என்று முதல் நாள் நம்பினேன். அவரோ அப்போதுதான் சாயம் கலக்க உட்கார்ந்தார். "அசையாதே. இந்த நீலம் கடையில கிடைக்காது."

ஓடிப்போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் என் அண்ணன்.

அந்த வரிசையின் முதல் கப்பலில், எஞ்சின் அறையில் அவன் வேலை பார்த்தான். குண்டு பட்டு, வரிசையை விட்டு விலகிச் சாய்ந்து மூழ்கிய கப்பல் அதுதான். குதித்தவர்கள் கடலில் கிடந்தார்கள் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. வருடக்கணக்காக அவன் 'காணாமல் போனவன்'. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "விசாரிச்சிட்டே இருக்கோம்" என்பார்கள், ஏதோ அவன் பக்கத்துத் தெருவில் ஒளிந்திருப்பதுபோல.

அண்ணி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எதிரி கப்பல்காரங்க தூக்கிட்டுப் போயிருந்தா? செத்துட்டார்னு ஒரு ஆள் வாயால சொல்லட்டும் தம்பி. அப்புறம் யோசிக்கிறேன்."

யோசிக்க வேண்டியது தெருமுனைத் தையல்காரரைப் பற்றி. தங்கமான மனிதர். ஊரில் எல்லோர் சட்டையிலும் பொத்தான் விழும். அவர் தைத்துக் கொடுத்த அண்ணி துணியில் மட்டும் விழவே விழாது. இந்த மாதக் கடைசியில் கடையை வேறு ஊருக்கு மாற்றுகிறார். 'கூட வர்றியா' என்று அண்ணியை நேரில் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பேன்?

கேப்டனைத்தான். இரண்டாவது கப்பலை ஓட்டிப்போன மனிதர், இப்போது ஓய்வில் இருக்கிறார். படம் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சனிக்கிழமைதோறும் வருவார். பையில் ஒரு நூல்கண்டு இருக்கும். ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, படத்தில் கப்பல்கள் கிழித்துப்போன வெள்ளை நுரைமேல் வைத்துப் பார்ப்பார். இம்மிகூட விலகக் கூடாது.

"நூல் பிடிச்ச மாதிரி போனோம்பா. அவ்வளவு அடியிலயும் வரிசை குலையல. அதான் ஜெயிச்சோம்."

"முதல் கப்பல்ல இருந்தவங்க என்ன சார் ஆனாங்க? எங்க அண்ணன்..."

"வீரனுங்க."

அடுத்த வாரம் கேட்டேன். "போர்னா எல்லாம் நடக்கும்பா." அதற்கடுத்த வாரம், "கடல் ரொம்பப் பெருசு." எனக்குத் தொட்டியே பெரிதாகத்தான் இருந்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. தையல்காரர் இயந்திரத்தைச் சாக்கில் கட்டிவிட்டார் என்று காலையில் அண்ணியே சொன்னாள், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு.

நான் தொட்டியில் இருந்தேன். கேப்டனின் கப்பலுக்கு நேர் முன்னால் கிடக்கும் மாலுமியை ஓவியர் வரைந்துகொண்டிருந்தார். படத்திலேயே பெரிய முகம் அதுதான்.

"எப்படி சார்? கண்ணுல பயம் தெரியுதா?"

கேப்டன் நூலைப் பிரித்தபடியே பார்த்தார். "பயமா? பயமே இல்லையே. சிரிக்கணும். கையைத் தூக்கி ஆட்டணும்."

"சாகப்போறவன் எதுக்கு சார் சிரிக்கிறான்? எங்க பொணமே சிரிக்க மாட்டேங்குது."

கேப்டன் பிரித்த நூலைத் திரும்பவும் கண்டில் சுற்றினார். ஓவியர் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினார். "சிரிடா. கேப்டன் சொல்றார்ல."

சிரித்தேன். எனக்குக் கைவந்த ஒரே கலை அதுதான். கையைத் தூக்கி ஆட்டினேன், கேப்டனைப் பார்த்து.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போதும்பா. இறக்கு."

இறக்கவில்லை. பற்கள் தந்தியடித்தன. "அவங்க எதுக்கு சார் சிரிச்சாங்க?"

"போர்னா..."

"எல்லாம் நடக்கும். அது சொல்லிட்டீங்க சார். வீட்டுல அண்ணி உக்காந்திருக்காங்க. இன்னிக்கு ஒரு பதில் இல்லன்னா அந்த மனுஷன் போயிடுவார்."

"வாயை ஆட்டாதடா, கோடு கலையுது" என்றார் ஓவியர், பென்சிலை நிறுத்தாமல்.

கேப்டன் சாயக்கறை படிந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்களைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. நம்ம கப்பல், தூக்கத்தான் வருதுன்னு நினைச்சாங்க. திருப்பினா வரிசை குலையும். நேரா விடுன்னு சொன்னது நான். அவங்க மேலேயே போனோம். பின்னாடி ரெண்டு கப்பலும் அதே தடத்துல வந்தது. எதிரி யாரையும் தூக்கல. தூக்க யாரும் மிஞ்சல. உங்க அண்ணன் செத்துட்டான்."