காலையில் பார்த்த ஏரிக்கரை

கேன்டீனின் பின்னறையில் அன்று கூடியவர்கள் நான்கு பேர். கதவுக்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே, டைம் ஆபீஸ் அக்கா. அவருக்கு வலப்பக்கம் பசைப் பிரிவு மேஸ்திரி; நாற்காலியில் சாயாமல், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாரானவர்போல் நுனியில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர் சன்னல் திண்டில். மேனேஜருக்கென்று துடைத்துப் போட்ட நாற்காலி வழக்கம்போல் காலி. மேசையின் இந்தக் கோடியில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாட்சி.

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சாட்சிக்கு அனுப்புகைப் பிரிவில் குமாஸ்தா வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஊழியர் குடும்பங்கள் போகும் சுற்றுலாவுக்கு அவர்தான் செயலாளர். எந்த இடத்தையும் தான் ஒருநாள் முன்கூட்டிப் போய்ப் பார்க்காமல் குழுவிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். "கண்ணால பார்த்ததை மட்டும்தான் சொல்வேன்" என்று அவர் எப்போதோ சொல்லப்போக, அன்றிலிருந்து சாட்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவருக்கு வேறு பெயர்.

இந்த வருடம் எல்லோரும் ஒருமனதாகக் கேட்டது அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவை. ராட்டினங்களும் சறுக்குகளும் பூங்காவுக்குள். வெளியே, தங்கும் விடுதிகளை ஒட்டி, ஏரிக்கரை என்று ஒரு பகுதி. கடைகள், சாப்பாட்டு இடங்கள், தண்ணீரில் மிதக்கும் மேடை, கரையோரம் வேடிக்கை காட்டுபவர்கள். பூங்காவை முடித்துவிட்டு மாலையில் அங்கே இருந்துவிட்டு வருவதா, வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸைத் திருப்பிவிடுவதா? முடிவாக வேண்டியது அது ஒன்றுதான்.

"சொல்லுங்க சாட்சி. போய்ப் பார்த்தீங்கல்ல? தேறுமா தேறாதா?" என்றார் அக்கா.

சாட்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "போனேன். கடையில பாதி பூட்டியிருந்தது. மேடையில ஒருத்தர் துடைப்பத்தோட நின்னுக்கிட்டிருந்தார். நிழல் கிடையாது. உட்கார பெஞ்சு நிறைய இருக்கு, ஆனா உட்கார்ந்து பார்க்க ஒண்ணும் நடக்கலை."

"அவ்வளவுதானா?" என்றார் மேஸ்திரி. "என் வீட்டுக்காரி ராட்டினம் ஏற மாட்டா சார். நிமிர்ந்து பார்த்தாலே தலை சுத்துதுங்கறா. சாயங்காலம் கரையில காத்தாட உட்கார்ந்து நாலு வேடிக்கை பார்க்கலாம்னுதான் வரேன்னே சொன்னா."

"உங்க தம்பி அங்கதானே இருக்கார், நிர்வாகத்துல? அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் டிரைவர்.

சாட்சி பேனா மூடியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. "அவன் வேலை நேரத்துல எதுக்குத் தொந்தரவு? நான் பார்த்ததைச் சொல்லிட்டேன். முடிவு உங்களோடது."

"நீங்க சொன்னப்புறம் எங்களோடது என்ன, உங்களோடது என்ன?" என்று அக்கா கைப்பையை மூடினார். "சாட்சியே இப்படிச் சொல்லியாச்சு. வேணாம்னு எழுதிக்கோங்க. வெளிச்சத்தோட வீடு வந்து சேரலாம்."

மேஸ்திரி எழுந்துபோய் மேனேஜரின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனார்.

சாட்சி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். கடைகள் பூட்டித்தான் இருந்தன. துடைப்பத்தோடு ஆள் நின்றது உண்மை. ஆனால் ஏரிக்கரை விழித்துக்கொள்வதே பொழுது சாயும்போதுதான் என்பது அவருக்கு முன்பே தெரியும். தம்பி போனில் ஒருமுறைக்கு மூன்று முறை சொல்லியிருந்தான்: "சாயங்காலம் வாண்ணா. காலையில வந்தா அது வேற ஊர்." தெரிந்துதான் காலையில் போனார். போய்ப் பார்க்காமலே நன்றாக இல்லை என்று பொய் சொல்ல வாய் வராது; போய்ப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த சந்து, காலை நேரம்.

காரணம், தம்பிக்கு நிர்வாகத்தில் வேலை இல்லை. ஒரு நாரையின் வேலை.

ஓர் ஆள் உயரத்துக்கு மரக்கால்கள் கட்டிக்கொண்டு, வெள்ளைச் சிறகுகளும் நீளமான மூக்கும் மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே தலைக்கு மேலே தலையாக அவன் நடப்பான். குழந்தைகளின் தொப்பியை மூக்கால் கொத்தி எடுத்து வேறு குழந்தைக்கு வைப்பான். தூங்கி வழியும் கணவன்மார்களின் தோளைத் தட்டுவான். கணக்கியல் படித்தவன் இதற்குப் போனபோது சாட்சி ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினார். ஆனால் கேன்டீனில் யாரோ கேட்டபோது, "பெரிய விடுதி. நிர்வாகத்துல இருக்கான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்ணால் பார்க்காததை அவர் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். சொன்னதைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டார். இப்போது நாற்பது குடும்பங்களும் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தால், நாரை குனிந்து "வாங்கண்ணா" என்று சொல்லுமே!

வீட்டில் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க முடிவாச்சு?"

"ஏரிக்கரை வேணாம்னுட்டாங்க."

"அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்ல வச்சீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மனைவி தலையணை உறையை உதறிய வேகத்தில் அது சாட்டைபோல் சத்தம் போட்டது.

"தம்பி போன் பண்ணியிருந்தார்" என்றாள். "நீங்களே பேசிக்கோங்க. எனக்குப் பூசி மெழுகத் தெரியாது."

அவர் போனை எடுத்தார். மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் சத்தம், தம்பி சமைத்துக்கொண்டிருந்தான்போல.

"என்னண்ணா, கூட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அது... நிறைய பேருக்குச் சீக்கிரம் திரும்பணும்னு இருக்குடா. சின்னக் குழந்தைங்க வேற. பார்க்கலாம், அடுத்த வருஷம்..."

"சரிண்ணா."

அவன் அப்படிச் சட்டென்று சரி என்றது சாட்சிக்குப் பிடிக்கவில்லை. ஏன் எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு இரண்டு மூன்று காரணங்கள் கைவசம் இருந்தன. "உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்றார்.

"வருத்தம் என்ன. இந்த மாசக் கடைசியில எங்க வேலையில யாரு இருக்கணும், யாரு போகணும்னு முடிவு பண்றாங்க. குழுவா வர்றவங்க இன்னது பார்க்கணும்னு எழுதிக் கேட்டா அதையும் பார்ப்பாங்களாம். அதான் உங்க ஆளுங்களைச் சாயங்காலம் கூட்டிட்டு வரச் சொன்னேன். பரவால்ல விடு." தம்பி எதையோ கிளறினான். "அன்னிக்கு ஏண்ணா பேசாமப் போயிட்ட?"

"என்னிக்கு?"

"நீ வந்தியே. கறுப்புக் குடையோட. காலையில நான் மரக்கால் கட்டிப் பழகிக்கிட்டிருந்தேன். அவ்வளவு உசரத்துல நின்னா ஏரி மொத்தமும் தெரியும்ணா. நீ தெரிய மாட்டியா? கையை ஆட்டினேன். நீ டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால போய் நின்னுக்கிட்ட."

அந்த வெள்ளை உருவம் சிறகை உயர்த்தியதைச் சாட்சியும் பார்த்திருந்தார். பயிற்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

"அடுப்புல கருகுதுண்ணா, வச்சிடறேன்" என்றான் தம்பி. அவன் குரலில் கோபம் ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் சாட்சியும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார்.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துப் போனாள். மற்ற நாளில் "ஏன் வைக்கணும், ஏன் வீணாக்கணும்" என்று அரைமணி நேரம் ஓடும். அந்த ஏச்சு இல்லாதது இன்னும் கனத்தது.

மறுநாள் மதியம் கேன்டீனில் மூவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். சாட்சி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"நேத்து நான் சொன்னது முழுசு இல்லை. அந்த இடம் சாயங்காலத்துக்குன்னே உள்ளது. தெரிஞ்சே காலையில போனேன்."

அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏன்?"

"தம்பி அங்க நிர்வாகத்துல இல்ல."

"பின்னே?"

"நாரை."

மூவரும் அவரைப் பார்த்தார்கள். "என்னது?" என்றார் டிரைவர்.

"மரக்கால் கட்டிக்கிட்டு, நாரை வேஷம் போட்டு, கூட்டத்துல நடப்பான். அதுதான் அவன் வேலை. நீங்கல்லாம் பார்த்தா... எனக்கு வெட்கமா இருந்தது."

டிரைவருக்குச் சிரிப்பு பீறிட்டது. குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறி, அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "சும்மா இருய்யா! உன் மச்சான் கல்யாண வீட்டுல கரடி வேஷம் போட்டு ஆடலை? அதைப் பஸ் பஸ்ஸா சொன்ன ஆளு நீ!"

"அதுக்குச் சிரிக்கலைக்கா," என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சாட்சியே சாட்சியைக் கலைச்சுட்டாரேன்னு சிரிச்சேன்."

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. விரல் நுனிகளில் காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே வீட்டுல சொல்லிட்டேன் சார்" என்றார். "ஏரிக்கரை கிடையாதுன்னு. சரி பரவால்ல, நான் வரலை, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டா. எடுத்து வச்ச புடவையைத் திரும்பப் பெட்டியில வச்சுட்டா. உங்க பேச்சைக் கேட்டுத்தான் சொன்னேன். வேற யாராவது சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்."

சாட்சிக்குத் தம்பியின் 'சரிண்ணா'வும் இதுவும் ஒன்றாகவே கேட்டன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மேஸ்திரி கையை உயர்த்தி மறித்தார்.

"அதெல்லாம் எதுக்கு சார். மறுபடி போய்ச் சொல்லணும், அவ்வளவுதான். நம்புவாளோ என்னமோ. நாரை இருக்குன்னு சொன்னா ஒருவேளை வருவா."

"அப்ப எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க" என்றார் அக்கா. "மாத்தி முடிவாச்சுன்னு நான் கையெழுத்துப் போடறேன். என்ன டிரைவர், இருட்டுல வண்டி ஓட்டுவியா, இல்ல அதுக்கும் ஒரு கதை வச்சிருக்கியா?"

"நாரையைப் பார்க்கறதுக்கு விடிய விடிய ஓட்டுவேன்க்கா."

சாப்பாட்டு நேரம் முடியுமுன் சாட்சி தன் மேசைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி வலது மூலையில் தேதி, இடது பக்கம் பெறுநர், பொருள் என்று கோடு போட்டு, பூங்காவின் குழு வருகைப் பிரிவுக்குக் கடிதம் தொடங்கினார். நாற்பது குடும்பங்கள் மாலை ஏரிக்கரையில் இருக்க விரும்புவதாக எழுதினார். தலைசுற்றல் உள்ள ஒரு பெண்மணிக்கு, சாய்ந்து உட்காரும்படியான இருக்கை ஒன்று தேவை என்று எழுதினார். அதுவரை பேனா தங்குதடையில்லாமல் போயிற்று.

பிறகு எழுதினார்: 'மரக்கால்களில் நாரை வேடமிட்டு வரும் கலைஞரைக் காண எங்கள் குழுவினர் குறிப்பாக ஆவலாக உள்ளனர்.' படித்துப் பார்த்தார். இதிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்பவர் யார் என்பது எங்கும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் நின்றதைப்போலத்தான் இருந்தது அந்த வாக்கியமும். அடுத்த வரியில், 'அவர் எங்கள் ஊழியர் ஒருவரின் சகோதரர்' என்று எழுதினார். அடித்தார். 'எனக்கு உறவினர்' என்று எழுதினார். அதையும் அடித்தார். அடித்தல் திருத்தலோடு ஒரு கடிதத்தை அவர் வெளியே அனுப்பியதே இல்லை. புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து, அந்த இடம் வந்ததும் நிறுத்தாமல் எழுதினார்:

'அவன் என் தம்பி. ஏற்கெனவே ஒருநாள் காலையில் நான் அங்கு வந்திருந்தேன். அவன் கையசைத்தும் நான் நின்று பார்க்காமல் போனேன். ஆகவே இம்முறை மாலையில் வருகிறேன்.'

அலுவலகக் கடிதத்தில் இப்படி எழுதலாமா என்று அவருக்கே தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் இது போய்ச் சேருமா, சேர்ந்தாலும் யாராவது படிப்பார்களா என்பதும் தெரியவில்லை. அக்கா வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். கையெழுத்துப் போட்டுத் தொழிற்சாலை முத்திரையைக் குத்தினார்.

வெளியே தபால் எடுக்கும் வேன் ஹாரன் அடித்தது. சாட்சி கடிதத்தை மூன்றாய் மடித்து உறைக்குள் வைத்தார். ஓரத்தை நாக்கால் நனைத்து, ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறைக்கு இருமுறை அழுத்தினார். பிறகு, யாரிடமும் கொடுத்தனுப்பாமல், தானே வாசல்வரை ஓடிப்போய் வேன்காரரின் பையில் போட்டார்.